மானியப் பணமும் பள்ளிக் கணக்கும்

மானியம் என்றவுடன் இன்று நமக்கு உரமும் சமையல் எரிவாயுவும் நினைவுக்கு வருகின்றன. நம் கொங்கு நாட்டு முதியோர்க்கோ அது நிலத்தைக் குறித்த சொல். கோயிலில் விளக்கேற்றுவோருக்கும், ஊர்க்காவல் புரிவோருக்கும், குளத்து மடை பார்ப்போருக்கும் வரி நீக்கி விடப்பட்ட நிலமே மானியக் காணி. அந்நிலத்தை உழுது உண்டவர் அதற்குரிய பணியைச் செய்தாக வேண்டும். பணி நின்றுபோனால் கொடுத்தவர் நிலத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். ஆகவே மானியம் என்பது நன்கொடையும் அன்று, கடனும் அன்று. ஒரு பணிக்காக ஒருவர் கையில் ஒப்படைக்கப்பட்ட பொருள். இந்தப் பழைய பொருளை மனத்தில் இருத்திக்கொண்டால், நம் பள்ளிகளும் கல்லூரிகளும் அரசிடம் பெறும் பணத்தைப் பற்றிய விதிகளில் பாதி தாமே விளங்கிவிடும்.

இவ்விதிகளைப் பற்றிப் பங்கு மக்களுக்கு என்ன கவலை, அது தாளாளரும் எழுத்தரும் பார்க்க வேண்டிய காரியம் அன்றோ என்று சிலர் கேட்கக்கூடும். தொண்டாமுத்தூர், தேவராயபுரம், நரசீபுரம், மாதம்பட்டி என்று நொய்யலின் இரு மருங்கும் வாழும் குடும்பங்களில் எத்தனை பேர் அரசு உதவி பெறும் பள்ளிகளில் படித்தவர்கள் என்று எண்ணிப் பார்த்தால் இக்கேள்வி எழாது. தென்னையிலும் பாக்கிலும் வாழையிலும் வேலை செய்து கூலி பெறும் குடும்பத்துப் பிள்ளைக்குக் கட்டணமில்லாக் கல்வியும், பாடநூலும், நண்பகல் உணவும் கிடைப்பது இந்தப் பணத்தால்தான். கணக்கு ஓரிடத்தில் தவறினால் அடி விழுவது அலுவலக மேசையின்மேல் அன்று. அந்தப் பிள்ளையின் தட்டில்.

உதவி பெறும் பள்ளி என்னும் ஏற்பாடு எப்பொழுது பிறந்தது? 1854-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் சார்லஸ் உட் என்பவர் இலண்டனிலிருந்து அனுப்பிய கல்வி மடலில். எல்லாப் பள்ளிகளையும் அரசே நடத்த இயலாது; தனியார் நடத்தும் பள்ளிகளுக்குப் பணம் தந்து உதவலாம் என்று அம்மடல் முடிவு செய்தது. நிபந்தனைகளும் அன்றே எழுதப்பட்டன: நல்ல உலகியற் கல்வி தரப்பட வேண்டும், பொறுப்புள்ள நிர்வாகம் இருக்க வேண்டும், அரசின் ஆய்வாளர் வந்து பார்க்க இசைய வேண்டும். அப்பள்ளியில் கற்பிக்கப்படும் சமயத்தைப் பற்றி ஆய்வாளர் கேட்கமாட்டார். அப்பொழுது கோவை மறைவட்டத்திற்கு வயது நான்கு. 1850-இல்தான் அது தனி ஆளுகையாயிற்று, தெ மரியோன் பிரெசில்லாக் ஆண்டகை அதன் தலைவராயிருந்தார். 1886-இல் அது மறைமாவட்டமாக உயர்ந்தபோது, மானியப் பள்ளி என்பது சென்னை மாகாணமெங்கும் வேரூன்றிய ஒன்றாகிவிட்டது. ஆய்வாளர் வருகிறார் என்றால் பள்ளியைச் சாணமிட்டு மெழுகிய காலம் அது.

இன்று நம் பள்ளிகளுக்கு வரும் பணம் இரு வாய்க்கால்களில் வருகின்றது. ஒன்று மாநில அரசினுடையது. ஒப்பளிக்கப்பட்ட பணியிடங்களில் உள்ள ஆசிரியர்களின் ஊதியம் அதில் அடங்கும். 1973-ஆம் ஆண்டுத் தனியார் பள்ளிகள் ஒழுங்குமுறைச் சட்டம் நெடுங்காலம் இதனை ஆண்டது. அதன் இடத்தில் 2018-ஆம் ஆண்டுச் சட்டமும் அதற்கென 2023-இல் வகுக்கப்பட்ட விதிகளும் வந்துள்ளன. 1991-92 கல்வியாண்டிலிருந்து தொடங்கப்பட்ட பள்ளிகளுக்கும் வகுப்புகளுக்கும் ஊதிய மானியம் இல்லை என்பதை நம் மக்களில் பலர் அறியார். ஒரே வளாகத்தில் ஓர் ஆசிரியர் அரசு ஊதியமும், அடுத்த அறையில் இருப்பவர் நிர்வாகம் தரும் சிறு ஊதியமும் பெறுவது ஏன் என்னும் மனக்குறைக்கு விடை இதில்தான் இருக்கின்றது.

மற்றொன்று மத்திய அரசின் வாய்க்கால். நண்பகல் உணவின் தானியமும் செலவில் ஒரு பங்கும், 2018 முதல் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டமாய் வரும் நிதியும், கல்லூரிகளுக்குப் பல்கலைக்கழக மானியக் குழு அளித்த தொகைகளும், சிறுபான்மையினர் பள்ளிகளின் கட்டடங்களுக்காக 2008-09-இல் தொடங்கிய திட்டத்தின் உதவியும் இவ்வழி வந்தவை. மத்திய அரசின் பணம் எங்குச் சென்றாலும் அதனுடன் ஒரு நூல் செல்கின்றது. அதன் பெயர் பொது நிதி விதிகள். இப்பொழுது நடப்பில் உள்ளது 2017-ஆம் ஆண்டுப் பதிப்பு. அதில் மானியங்களைப் பற்றி வரும் பகுதி சில பக்கங்களே. அவற்றைப் படித்தால் நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்ட பல வழக்கங்களை வேறு மொழியில் காண்போம்.

முதல் விதி, எதற்கென்று வாங்கினோமோ அதற்கே செலவிட வேண்டும் என்பது. இதில் வியப்பொன்றும் இல்லை. சித்திரைச்சாவடி அணைக்கட்டிலிருந்து ஓர் ஆயக்கட்டுக்கென்று திறந்த தண்ணீரை நடுவழியில் தன் தோப்புக்குத் திருப்பிக்கொண்டவனை ஊர் என்ன சொல்லும்? அவன் தோப்பும் வாடித்தான் இருந்திருக்கும். ஆயினும் தண்ணீர் அவனுடையதன்று. திருச்சபையின் சட்டமும் இதையே சொல்கின்றது. 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 1267-ஆம் சட்டம், ஒரு குறிப்பிட்ட நோக்கத்திற்காக விசுவாசிகள் அளித்த காணிக்கையை அந்நோக்கத்திற்கே பயன்படுத்தலாம் என வரையறுக்கின்றது. 1284-ஆம் சட்டம், திருச்சபைச் சொத்தை நிர்வகிப்போர் வரவு செலவுப் புத்தகங்களை ஒழுங்காக எழுதவும், நாட்டின் சட்டங்களைக் கைக்கொள்ளவும், ஆண்டின் இறுதியில் அறிக்கை தயாரிக்கவும் கடமைப்பட்டவர்கள் என்கின்றது. ஆகவே அரசின் விதி நமக்கு அந்நியமானதன்று.

ஆயினும் நடைமுறையில் தவறு எப்படி நேர்கின்றது? திருட்டெண்ணத்தால் நேர்வது குறைவு. கைமாற்றால் நேர்வதே மிகுதி என்பது நம் கருத்து. பல ஊர்களில் பங்குக் குருவே பள்ளியின் தாளாளர். கோயில் உண்டியலும் பள்ளிக் கணக்கும் ஒருவர் பொறுப்பில் இருக்கின்றன. திருநாள் நெருங்குகிறது, பந்தல்காரருக்கு முன்பணம் தர வேண்டும். பள்ளிக்கென்று வந்த தொகை வங்கியில் சும்மா கிடக்கின்றது. பத்து நாளில் திருப்பி வைத்துவிடலாம் என்று எடுக்கின்றார்கள். திருப்பியும் வைத்துவிடுகிறார்கள். ஒரு காசும் குறையவில்லை. ஆனால் தணிக்கையாளர் கண்ணில் அது நிதியை வேறு வழிக்குத் திருப்பிய குற்றமே. வீட்டில் மகளின் திருமணத்துக்கென்று எடுத்து வைத்த பணத்தில் விதைக்குக் கைமாற்று எடுப்பது நம் உரிமை. அது நம் பணம். பள்ளி மானியத்தில் அந்த உரிமை எவருக்கும் இல்லை, எத்துணை நல்லவராயினும் இல்லை. நல்லவர்கள்தாம் இதை உணரப் பெரிதும் தடுமாறுகிறார்கள் என்பது வேடிக்கையான உண்மை.

இரண்டாவது, வட்டியைப் பற்றியது. இதை அறிந்தவர் மிகச் சிலர். சிறுபான்மைப் பள்ளிகளின் கட்டட உதவித் திட்டத்தையே எடுத்துக்கொள்வோம். அத்திட்டத்தில் மதிப்பீட்டின் 75 விழுக்காடு வரை, ஒரு பள்ளிக்கு உச்ச அளவாக 50 இலட்சம் ரூபாய் வரை மத்திய அரசு தந்தது. எஞ்சியதை நிர்வாகம் ஈட்ட வேண்டும். ஒரு பள்ளி வகுப்பறைகளும் மாணவியர்க்குக் கழிப்பறைகளும் கட்ட 40 இலட்சத்துக்கு மதிப்பீடு தந்து, 30 இலட்சம் ஒப்பளிப்புப் பெற்றது எனக் கொள்வோம். முதற்கண் வந்த 15 இலட்சம், ஒப்பந்தக்காரர் கிடைக்காமல் ஆறு மாதம் சேமிப்புக் கணக்கில் இருந்தது. ஆண்டுக்கு 3 விழுக்காடு வட்டியென்றால் 22,500 ரூபாய் சேர்ந்திருக்கும். அதைக் கொண்டு பள்ளிக்கு இரண்டு மேசை வாங்கலாமே என்று தோன்றும். கூடாது. மானியத்தின்மீது விளைந்த வட்டி கணக்கு முடிந்தவுடன் இந்தியத் தொகுப்பு நிதிக்குச் செலுத்தப்பட வேண்டும் என்பது விதி. மரம் யாருடையதோ காயும் அவருடையது. இதற்காகவே ஒவ்வொரு மானியத்திற்கும் கணக்கைத் தனியே வைப்பது நன்று. எல்லாப் பணத்தையும் ஒரே கணக்கில் கொட்டிவிட்டால், எந்த வட்டி எதனுடையது என்று பட்டயக் கணக்காளராலும் பிரித்துச் சொல்ல இயலாது.

வாங்கிய பொருள்களும் இவ்வாறே. அரசுப் பணத்தில் வாங்கிய கணினி, கட்டிய அறை ஆகியவற்றை முன் இசைவின்றி விற்கவோ வேறு பயனுக்கு ஒதுக்கவோ ஆகாது. அவற்றிற்குத் தனிப் பதிவேடு இருத்தல் வேண்டும். பணி மாறுதலில் புதிய தலைமையாசிரியர் வரும்பொழுது, பதிவேட்டில் பத்து இருந்து அறையில் ஏழு இருந்தால் அந்த மூன்றுக்கு விடை சொல்ல வேண்டியவர் யார்? பொறுப்பை ஒப்படைக்கும் நாளில் இருவரும் நின்று எண்ணிக் கையொப்பமிடும் வழக்கம் இருந்தால் இந்தக் கேள்வியே எழாது.

விண்ணப்பிக்கும் வேளையில் ஓர் உறுதிமொழி தர வேண்டும்: இதே வேலைக்காக வேறு எந்தத் துறையிடமும், மாநில அரசிடமும் பணம் பெறவில்லை, கேட்கவும் இல்லை என்று. ஒரே சுவருக்கு இரண்டு இடங்களில் பணம் வாங்குவது பொய்யாவணம் ஆகும். வெளிநாட்டு நன்கொடையால் கட்டிய அறையை அரசு மானியத்தில் கட்டியதாகக் காட்டுவதும் அதுவே. வெளிநாட்டுப் பணத்திற்கு 2010-ஆம் ஆண்டுச் சட்டமும் 2020-ஆம் ஆண்டுத் திருத்தமும் தனியே உண்டு. அப்பணம் தில்லியில் உள்ள பாரத ஸ்டேட் வங்கியின் ஒரு கிளையில் மட்டுமே வந்து சேர வேண்டும். நிர்வாகச் செலவுக்கு 20 விழுக்காட்டுக்குமேல் எடுக்கக்கூடாது. அது வேறொரு கட்டுரைக்குரிய பொருளாதலின் இங்கே விடுகிறோம்.

எல்லாவற்றிலும் முதன்மையானது பயன்பாட்டுச் சான்றிதழ். நிதியாண்டு முடிந்த 12 மாதங்களுக்குள் அது உரிய படிவத்தில் சென்று சேர வேண்டும். எவ்வளவு வந்தது, முன்னிருப்பு எவ்வளவு, வட்டி எவ்வளவு, எதற்கு எவ்வளவு செலவாயிற்று, எஞ்சியது என்னவாயிற்று என்பனவற்றை அது சொல்ல வேண்டும். பணம் வாங்குவதில் காட்டும் விரைவை இதில் நம் நிறுவனங்கள் காட்டுவதில்லை என்று வருத்தத்துடன் சொல்கிறோம். கட்டடத்தைத் திறந்து, கல்வெட்டுப் பதித்து, படம் பிடித்தாயிற்று. சான்றிதழ் மட்டும் எழுத்தர் மேசையில் உறங்கும். முந்தைய தொகைக்குச் சான்றிதழ் இல்லையேல் அடுத்த தவணை வராது. பாதியில் நிற்கும் கட்டடங்களுக்கு இதுவும் ஒரு காரணம்.

நம் மக்கள் கணக்கறியாதவர்கள் அல்லர். கொங்கு நாட்டுத் திருமண வீட்டில் மொய் எழுதுவோரைப் பாருங்கள். ஊர்ப் பெயர், குடும்பப் பெயர், தொகை என்று வரிசை தவறாமல் எழுதி, இரவே கூட்டிப் பார்த்து, தொகையும் நோட்டும் ஒத்தால்தான் எழுந்திருப்பார்கள். இருபது ஆண்டுக்குப் பின்னும் அந்த நோட்டைப் புரட்டி யாருக்கு எவ்வளவு திருப்ப வேண்டும் என்று சொல்வார்கள். அந்த நோட்டை எழுதத் தெரிந்தவருக்கு ரொக்கப் புத்தகம் எழுதத் தெரியாதா? தெரியும். மொய் நோட்டில் தவறினால் மானம் போகும் என்று அஞ்சுகிறோம்; பள்ளி நோட்டில் தவறினால் அரசுதானே என்று எண்ணுகிறோம்.

இவ்வெண்ணம் எவ்வளவு ஆபத்தானது என்பதை விதியின் மற்றொரு பகுதி காட்டுகின்றது. தொண்டு நிறுவனம் ஒன்றுக்கு மானியம் விடுவிக்கும் முன், அதன் செயற்குழு உறுப்பினர்கள் ஒரு பிணைப் பத்திரத்தில் கையொப்பமிட வேண்டும். நிபந்தனைகளை மீறினால், முழுத் தொகையையோ ஒரு பகுதியையோ ஆண்டுக்கு 10 விழுக்காடு வட்டியுடன் குடியரசுத் தலைவருக்குத் திருப்பிச் செலுத்துவோம் என்று அவர்கள் ஒருங்காகவும் தனித்தனியாகவும் பொறுப்பேற்கின்றனர். தனித்தனியாக என்னும் சொல்லைக் கவனியுங்கள். ஐந்து பேர் கையொப்பமிட்டிருந்தால் ஐவரில் எவரிடமிருந்தும் முழுத் தொகையையும் கேட்கலாம். 30 இலட்சத்துக்கு ஓராண்டு வட்டி மட்டும் 3 இலட்சம். பங்குப் பேரவையில் இருக்கிறாரே, நல்ல மனிதர் என்று பாக்குத் தோப்பு வைத்திருக்கும் ஒருவரைச் செயற்குழுவில் சேர்த்து, படிக்காமல் கையொப்பம் வாங்குவது அவருக்குச் செய்யும் மரியாதையன்று. கையொப்பமிடும் ஒவ்வொருவரும் தாளைக் கேட்டு வாங்கிப் படிக்க வேண்டும்; படித்துச் சொல்லுமாறு கேட்பதிலும் வெட்கமில்லை.

புனித சின்னப்பர் எருசலேமின் ஏழைகளுக்கென்று காணிக்கை திரட்டியபொழுது தாமே தனியாக எடுத்துச் செல்லவில்லை. சபைகள் தேர்ந்தெடுத்த சகோதரர்களைத் துணை சேர்த்துக்கொண்டார். இவ்வளவு பெரிய தொகையைக் கையாள்வதில் எவரும் குறைசொல்ல இடம் வைக்கலாகாது, கடவுள் முன்னிலையில் மட்டுமன்று மனிதர் முன்னிலையிலும் நேர்மை விளங்க வேண்டும் என்று கொரிந்தியர்க்கு எழுதிய இரண்டாம் திருமுகத்தில் காரணமும் கூறுகின்றார். திருத்தூதருக்கே தேவைப்பட்ட காவல் தாளாளருக்குத் தேவையில்லை என்பார் உண்டோ?

இனிச் சோற்றுத் தட்டுக்கு வருவோம். நண்பகல் உணவுத் திட்டத்தைப் பெருந்தலைவர் காமராசர் 1956-இல் எட்டயபுரத்தில் தொடங்கி வைத்தார், 1982-இல் எம்.ஜி.ஆர். அதனைச் சத்துணவுத் திட்டமாக விரித்தார். மத்திய அரசு இத்திட்டத்திற்குத் தொடக்கப் பள்ளிக் குழந்தை ஒன்றுக்கு நாளொன்றுக்கு 100 கிராமும், அதற்கு மேல் எட்டாம் வகுப்பு வரை 150 கிராமும் தானியத்தை விலையின்றித் தருகின்றது. உணவு உண்டோர் எண்ணிக்கை நாள்தோறும் பதிவாக வேண்டும். தொடக்கப் பள்ளியொன்றில் வராத பத்துப் பேரை வந்ததாகக் காட்டினால் நாளுக்கு ஒரு கிலோ. பள்ளி நடக்கும் 200 நாளில் 200 கிலோ. இப்படி வளர்த்துச் சொல்வது ஏனெனில், எண்ணிக்கையை ஒன்றிரண்டு கூட்டி எழுதுவதை நம்மிடையே பலர் பாவமாகவே நினைப்பதில்லை.

எண்ணிக்கையைக் கூட்டும் சோதனை உணவில் தொடங்குவதும் அன்று. ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்டு 1-ஆம் நாளில் உள்ள மாணவர் எண்ணிக்கையைக் கொண்டே ஒரு பள்ளிக்கு எத்தனை ஆசிரியர் என்பது முடிவாகின்றது. தொடக்கப் பள்ளியில் 30 மாணவருக்கு ஓர் ஆசிரியர் என்பது கல்வியுரிமைச் சட்டத்தின் அளவு. சுற்றிலும் ஆங்கில வழிப் பள்ளிகளின் மஞ்சள் பேருந்துகள் ஊருக்குள் வந்து பிள்ளைகளை அள்ளிச் செல்கின்றன. நம் தமிழ் வழிப் பள்ளியில் எண்ணிக்கை சரிகின்றது. ஓர் ஆசிரியர் உபரி என்று அறிவிக்கப்பட்டால் அவர் வேறிடம் போக வேண்டும். பிள்ளைகள் இரண்டு பேரை ஏட்டில் வைத்திருந்தால் அவர் பிழைப்பார் என்று நினைக்கத் தோன்றும். அந்த ஆசிரியர்மேல் நமக்கும் இரக்கம் உண்டு. ஆனால் இல்லாத பிள்ளையின் பெயரால் வாங்கும் ஊதியம் யாருடைய பணம் என்பதைச் சிந்திக்க வேண்டும். வெள்ளியங்கிரி அடிவாரத்துக் குடியிருப்புகளில் பள்ளிக்கு வராத பிள்ளைகள் இருக்கக்கூடும். அவர்கள் வீட்டுத் திண்ணையில் போய் அமர்ந்து பேசி அழைத்து வருவது, ஏட்டில் இரண்டு பெயர் சேர்ப்பதைவிடக் கடினம்தான்.

2023-இல் நாடு கண்ட ஒரு செய்தியை இங்கே சொல்லாமல் இருக்கமுடியாது. சிறுபான்மைச் சமயத்துப் பிள்ளைகளுக்கென்று மத்திய அரசு 2008 முதல் பள்ளிப் படிப்பு உதவித்தொகை வழங்கி வந்தது. ஆண்டு வருமானம் 1 இலட்சத்துக்கு உட்பட்ட குடும்பத்துப் பிள்ளைகளுக்கு, அதில் 30 விழுக்காடு மாணவியர்க்கென ஒதுக்கி, அத்தொகை தரப்பட்டது. சிறுபான்மையினர் விவகார அமைச்சகம் ஐயத்துக்குரிய 1,572 நிறுவனங்களை ஆராய்ந்ததில் 830 நிறுவனங்கள் போலியானவை அல்லது செயல்படாதவை என்று கண்டது. 2017-22 காலத்தில் 144.83 கோடி ரூபாய் இழப்பு என்று கணக்கிட்டு, மத்தியப் புலனாய்வுத் துறையிடம் வழக்கை ஒப்படைத்தது. பணத்தை நேரே பிள்ளையின் வங்கிக் கணக்குக்கு அனுப்பியும் இது நடந்தது. விண்ணப்பத்தைச் சரிபார்க்க வேண்டிய பள்ளியின் அலுவலர் கண்ணை மூடிக்கொண்டதே வாயில். இதில் பறிபோனது ஏழைப் பிள்ளைகளின் பணம்; அதுவும் நம்மைப் போன்ற சிறுபான்மைச் சமயத்துப் பிள்ளைகளின் பங்கு. இத்தகைய செய்திக்குப் பின் நேர்மையாக நடக்கும் பள்ளியின் விண்ணப்பமும் ஐயக் கண்ணோடு பார்க்கப்படுகின்றது.

இனி, சிலர் மனத்தில் உள்ள ஒரு கேள்வி. அரசியல் சட்டத்தின் 30-ஆம் பிரிவு நமக்கு விருப்பப்படி கல்வி நிலையங்களை நிறுவி நடத்தும் உரிமை தந்திருக்க, அரசு இவ்வளவு விதிகளைச் சுமத்தலாமா? இதில் மிகைப்படுத்துவோர் இரு பக்கமும் உண்டு. உச்ச நீதிமன்றம் 1958-இல் கேரளக் கல்வி மசோதா பற்றிக் கருத்துரைத்தபொழுதே, நிர்வகிக்கும் உரிமை சீர்கேடாக நிர்வகிக்கும் உரிமையாகாது என்று தெளிவுபடுத்திவிட்டது. 1974-இல் அகமதாபாத் தூய சவேரியார் கல்லூரி வழக்கில் ஒன்பது நீதிபதிகளும், 2002-இல் டி.எம்.ஏ. பாய் வழக்கில் பதினொரு நீதிபதிகளும் எல்லைகளை வரைந்தனர். மானியம் முறையாகச் செலவாவதை உறுதிசெய்யும் நிபந்தனைகள் செல்லும். உதவி தருகிறேன் என்று சொல்லி நிர்வாகத்தையே பறித்துக்கொள்ளும் நிபந்தனைகள் செல்லா. சிறுபான்மையினர் நடத்துவது என்பதற்காக உதவியில் பாகுபாடு காட்டலாகாது என 30-ஆம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவு கூறுகின்றது. ஆனால் உதவி கேட்டுப் பெறுவது அடிப்படை உரிமை ஆகாது, நிபந்தனை பிடிக்காவிடில் உதவியை மறுத்துவிடலாம் என்று 2021-இல் உத்தரப் பிரதேச வழக்கொன்றில் அதே நீதிமன்றம் கூறியது. உதவி பெறும் பள்ளியில் பெற்றோரின் இசைவின்றி எப்பிள்ளையையும் சமய வகுப்பில் அமர்த்தலாகாது என்னும் 28-ஆம் பிரிவும், சமயம், சாதி காரணமாகச் சேர்க்கையை மறுக்கலாகாது என்னும் 29-ஆம் பிரிவும் நம்மையும் கட்டும். தணிக்கையாளரைக் கண்டவுடன் 30-ஆம் பிரிவை நீட்டுவது அப்பிரிவின் மதிப்பைத்தான் குறைக்கும்.

வேறு நாடுகளில் எவ்வாறு என்று பார்த்தால் நம் நிலை அவ்வளவு தாழ்ந்ததன்று. அமெரிக்காவில் 1965-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின் கீழ் ஏழைப் பிள்ளைகளுக்கு மத்திய அரசு உதவுகின்றது. கத்தோலிக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் அதில் பங்குண்டு. ஆனால் அப்பணம் கத்தோலிக்கப் பள்ளியின் கையில் வருவதில்லை. அரசுப் பள்ளி வாரியமே வைத்திருந்து ஆசிரியரை அனுப்புகின்றது. 1985-இல் அவ்வாசிரியர்கள் சமயப் பள்ளிக் கட்டடத்துக்குள் நுழையலாகாது என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பள்ளி வாயிலுக்கு வெளியே தெருவோரம் வண்டிகளை நிறுத்தி, பிள்ளைகளை அவற்றுக்குள் அழைத்துப் பாடம் சொல்லித்தந்தார்கள்! 1997-இல்தான் அத்தீர்ப்பு மாற்றப்பட்டது. இங்கிலாந்தில் 1944-ஆம் ஆண்டுச் சட்டத்தால் கத்தோலிக்கப் பள்ளிகள் கட்டடச் செலவில் பாதியைத் தாமே ஏற்றன. படிப்படியாகக் குறைந்து அது 10 விழுக்காடாயிற்று. நம் நாட்டில் பள்ளியை நம்பிப் பணத்தைக் கையில் தருகிறார்கள்.

விதி என்பது வாங்குவோருக்கு மட்டும் உரியதா, கொடுப்போருக்கு இல்லையா என்று கேட்பதும் நியாயமே. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் மத்திய அரசு 60, மாநிலம் 40 எனப் பங்கிடுகின்றன. 2024-25-இல் தமிழகத்துக்குரிய 2,151.59 கோடி ரூபாய் தரப்படவில்லை. பி.எம். ஸ்ரீ பள்ளித் திட்டத்திற்கான உடன்படிக்கையில் மாநிலம் கையொப்பமிடவில்லை என்பது மத்திய அரசின் காரணம். அதன் வழியாகத் தேசியக் கல்விக் கொள்கையைத் திணிக்கிறார்கள் என்பது மாநிலத்தின் வாதம். 2025 மே திங்களில் மாநில அரசு உச்ச நீதிமன்றம் சென்றது. அரசியலில் எப்பக்கம் சரி என்று தீர்ப்புச் சொல்வது இவ்விதழின் வேலையன்று. ஆயினும் 2025-26-இல் தனியார் பள்ளிகளில் ஏழைப் பிள்ளைகளுக்குரிய 25 விழுக்காட்டுச் சேர்க்கை அக்டோபரில்தான் தொடங்கியது என்பதையும், கோவையைச் சேர்ந்த ஒருவர் தொடுத்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் அச்சேர்க்கைக்கான பணத்தைக் கொள்கையோடு பிணைக்க வேண்டியதில்லை என்று கூறியதையும் குறித்து வைக்கிறோம். முன்பு ஒரு பணிக்கென்று ஒப்புக்கொண்ட பணத்தை வேறொரு பணிக்குப் பிணையாக நிறுத்துவது, தாளாளர் செய்தால் எதுவோ, அரசுகள் செய்தாலும் அதுவே. ஆசிரியர் நியமன ஒப்புதலைப் பல மாதங்கள் கிடப்பில் போட்டு, ஊதியமின்றி ஒருவரைப் பணிபுரிய விடும் அலுவலகங்களுக்கும் இது பொருந்தும்.

பெற்றோர் என்ன செய்யலாம்? பள்ளி மேலாண்மைக் குழுவில் அவர்களுக்கு இடம் உண்டு. சிறுபான்மைப் பள்ளிகளிலும் உதவி பெறும் பள்ளிகளிலும் அக்குழு ஆலோசனை சொல்லும் அளவில்தான் இயங்கும் என்று 2012-ஆம் ஆண்டுத் திருத்தம் வரையறுத்தது. ஆயினும் ஆலோசனை சொல்பவருக்குக் கேட்கும் உரிமை உண்டு. இவ்வாண்டு எந்தெந்த மானியம் வந்தது, சென்ற ஆண்டுத் தொகைக்குப் பயன்பாட்டுச் சான்றிதழ் அனுப்பப்பட்டதா, அனுப்பிய நாள் எது என்று கேட்கலாம். தணிக்கை ஆட்சேபணை எதற்கேனும் பதில் எழுதாமல் நிலுவையில் உள்ளதா என்றும் கேட்கலாம். இப்படிக் கேட்பது பங்குக் குருவை ஐயுறுவதாகாது. கேட்போர் இருக்கும் பங்கில்தான் குருவுக்கும் தலைமையாசிரியைக் கன்னியருக்கும் துணை இருக்கின்றது; கேட்பாரற்ற இடத்தில் எல்லாப் பழியும் ஒருவர் தலையிலேயே விழும்.

பங்குகளில் ஓய்வு பெற்ற வங்கி அலுவலர், கூட்டுறவுச் சங்கச் செயலாளர், கருவூலத்தில் பணிபுரிந்தவர் எனக் கணக்கறிந்த பெரியவர்கள் இருப்பார்கள். மாதம் ஒரு சனிக்கிழமை மாலை அவர்களில் இருவர் பள்ளி அலுவலகத்தில் அமர்ந்து, ரொக்கப் புத்தகத்தை வங்கிக் குறிப்பேட்டோடு ஒத்துப்பார்த்து, செலவுச் சீட்டுகளைத் தேதி வாரியாக ஒட்டி வைக்க உதவினால் பட்டயக் கணக்காளருக்குக் கொடுக்கும் கட்டணத்திலும் ஒரு பகுதி மிஞ்சும். மார்ச் 31-இல் நிதியாண்டு முடிகின்றது. ஆகஸ்டு 1-இல் மாணவர் எண்ணிக்கை. டிசம்பர் 31-க்குள் வெளிநாட்டு நன்கொடை அறிக்கை. இம்மூன்று நாள்களையும் திருநாள் நாள்களோடு சேர்த்துப் பள்ளி நாட்காட்டியில் சிவப்பு மையால் வட்டமிட்டுத் தொங்கவிடலாம்.